கொடுப்பவரும் கற்பவரும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அந்நியர் ஆட்சி 1948 இல் நீங்கியது. எமது கல்வியை விட்டும் அது நீங்கிவிட்டதா என்று கேட்க இந்த நூற்றாண்டு விழா நல்ல வேளை.

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க ஊர் தயங்கிய காலத்திலே, 1824 இல், அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். அந்த நன்றியை நாம் மறக்கலாகாது. ஆயினும் அம்மிஷனின் விடுதிகளிலே, செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளி விரும்பிய பெயரே பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டது. படிப்புக் கிடைத்தது, பெற்றோர் இட்ட பெயர் போயிற்று.

அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறு வழியிற் சென்றார். 1847 இல் வந்த அவர் தமிழைக் கற்று, மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் பற்றிய நூல்கள் தமிழில் வந்தன. தமிழில் விஞ்ஞானம் முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

குறை மொழியில் இல்லை. மொழிக்குக் கிடைத்த மதிப்பிலேதான் இருந்தது. கட்டணம் செலுத்தக்கூடியவருக்கு ஆங்கிலப் பாடசாலை, மற்றையோருக்குச் சுயமொழிப் பாடசாலை என்பதே அன்றைய வழக்கம். 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி அந்த வேலியைத் தளர்த்தியது. பின்னர் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. இன்றோ, கட்டணம் அறவிடும் சர்வதேசப் பாடசாலைகளால் அவ்வேலி மீண்டும் எழுகின்றது. ஆங்கிலம் இல்லையேல் பிள்ளைக்கு வேலை இல்லை என்று அஞ்சும் பெற்றோரைக் குறைகூறவும் முடியாது. சிக்கல் இங்கேதான்.

ஆங்கிலத்தை விலக்கச் சொல்லவில்லை. ஆனால், சகோதரிகளே, இன்று கொடையாளிகள் நாமே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து நாம் அனுப்பும் பணம் பாடசாலையின் போக்கையும் மாற்றவல்லது. ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குக் கிண்ணம் வழங்குவோம். உயர்தர விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்கும் மாணவிக்கு வேண்டிய நூல்களையும் ஆய்வுகூடப் பொருள்களையும் அதே மனதோடு வழங்குவோம். எது தேவை என்று முதலில் ஆசிரியைகளைக் கேட்போம், பிள்ளைகளையும் கேட்போம்.

அன்றைய கொடை பிள்ளையின் பெயரை மாற்றியது. எமது கொடை அவள் தன் பெயரோடும் தன் மொழியோடும் உயர உதவட்டும்.