கதிரவன் விடுதி



பசி எல்லார்க்கும் ஒன்றுதான். ஆனால் அப்பசியை ஆற்றிக்கொள்ளும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. என்ன உண்கிறோம் என்பது மட்டும் உணவுப் பண்பாடு ஆகாது. எதில் உண்கிறோம், எங்கே அமர்கிறோம், யார் பரிமாறுகின்றனர், உண்ணும்போது கண்ணில் படுவன யாவை என்பனவும் அதனுள் அடங்கும். தன் வீட்டில் உண்பவன் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாட்டு உணவை வேறொரு நாட்டில் பரிமாற முற்படும்போதுதான் இக்கேள்விகள் எழுகின்றன. அக்கேள்விகளுக்குத் தம் வாழ்நாள் தொழிலால் விடை காண முயன்ற ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் அலெக்ஸாண்டர் ஜிரார்ட். 1907ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் அமெரிக்கர். அவர் வளர்ந்தது இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில். பள்ளியில் படித்தது இங்கிலாந்தில். கட்டடக் கலை பயின்றது லண்டனிலும் ரோமிலும். இத்தாலியமும் ஆங்கிலமும் அவருக்கு இரு கண்கள். நண்பர்கள் அவரைச் 'சாண்ட்ரோ' என்ற இத்தாலியச் செல்லப் பெயரால் அழைத்தனர். இவ்விரு மொழிகளும் போதா என்று எண்ணினார் போலும்! பள்ளிப் பருவத்திலேயே 'ஃபைஃப் குடியரசு' என்று ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி, அதற்குக் கொடியும் வரைபடமும் தபால் தலையும் வரைந்து, குறியீட்டு மொழி ஒன்றையும் படைத்துக்கொண்டார்.

இருமொழி அறிந்தவர்க்கு ஓர் உண்மை இளமையிலேயே விளங்கிவிடும். ஒரு மொழியின் சொல்லை எடுத்து மற்றொரு மொழியில் வைத்துவிட்டால் பொருளும் உடன் வந்துவிடாது. சொல் ஊர் மாறினால் பொருளும் மாறும். 'ஓட்டல்' என்னும் சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் அது வழிப்போக்கர் தங்கும் இடம். தமிழ்நாட்டில் ஓட்டலுக்குப் போகிறேன் என்றால் உண்ணப் போகிறேன் என்றே பொருள். ஸ்பானிய மொழியில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அதுதான் 'ஃபோண்டா'. நம் தேநீர்க் கடைப் போண்டாவுடன் அதைக் குழப்பிக்கொள்ள வேண்டா! கிரேக்கத்தில் 'எல்லோரையும் ஏற்பது' என்று பொருள்பட்ட ஒரு சொல், அரபு மொழியில் 'ஃபுந்துக்' ஆயிற்று; பின்பு ஸ்பெயினில் 'ஃபோண்டா' ஆகிச் சத்திரத்தைக் குறித்தது; கடல் கடந்து மெக்சிகோவை அடைந்தபின் எளிய உணவுக் கடைக்கும் பெயராயிற்று. மாணவர்களே, ஒரு சொல்லுக்குள் எத்துணைப் பெரிய பயணம்!

அந்தச் சொல்லே ஜிரார்டின் புகழ்பெற்ற படைப்பின் பெயரில் இடம்பெற்றது. 1960ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் டைம்-லைஃப் கட்டடத்தில் 'லா ஃபோண்டா டெல் சோல்' என்ற உணவு விடுதி திறக்கப்பெற்றது. 'கதிரவன் விடுதி' என்பது அதன் பொருள். மெக்சிகோ, பெரு முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளின் உணவுகளை அங்கே பரிமாறினர். விடுதியின் தோற்றம் முழுவதையும் அமைக்கும் பொறுப்பு ஜிரார்டுக்கு வந்தது.

சாதாரண அமைப்பாளர் என்ன செய்திருப்பார்? மெக்சிகோத் தொப்பி ஒன்றைச் சுவரில் மாட்டியிருப்பார். முள்செடி ஒன்றை வாசலில் வைத்திருப்பார். அது சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பு. ஜிரார்ட் அவ்வாறு செய்யவில்லை. 1930களிலிருந்தே அவரும் அவர் மனைவி சூசனும் மெக்சிகோவிற்குச் சென்று, சந்தைகளில் மண்பொம்மைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் நெசவுத் துணிகளையும் திரட்டி வந்தனர். அம்மக்களின் வண்ண உணர்வை அவர் நெடுங்காலம் பயின்றிருந்தார். இன்கா மக்களும் அஸ்டெக் மக்களும் கதிரவனை வழிபட்டவர்கள். ஆதலால் கதிரவனையே அவ்விடுதியின் சின்னமாகக் கொண்டார். ஒரே முத்திரையை எல்லாவற்றிலும் பதித்துவிடாமல், ஏறத்தாழ 80 வகைக் கதிரவ வடிவங்களை வரைந்தார். உணவுப் பட்டியலிலும் தீப்பெட்டியிலும் தட்டிலும் அவை வெவ்வேறு முகங்களுடன் சிரித்தன. சுவர் மாடங்களில் நாட்டுப்புறப் பொம்மைகள் அமர்ந்தன.  அவருடைய நண்பர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நாற்காலிகளைச் செய்து தந்தனர். முதுகுச் சாய்வு மேசையின் மட்டத்திற்கு மேல் எழக்கூடாது என்பது ஜிரார்ட் விதித்த கட்டளை. அதனால், அமர்ந்திருப்போர்க்கு அறையின் காட்சியை நாற்காலிகள் மறைக்கவில்லை.

இவ்வளவு வண்ணம் குழைத்தவர் எங்கும் வண்ணத்தையே கொட்டியிருப்பார் என்று எண்ணுவீர்கள். அன்று. 1953இல் அவர் குடியேறிய சாண்டா ஃபே என்னும் ஊரில், 1960களில், 'தி காம்பவுண்ட்' என்ற மற்றொரு விடுதியை அமைத்தார். அங்கே வெயிலில் உலர்த்திய பச்சை மண்கற்களால் எழுந்த பழைய வீடு இருந்தது. வெண்மையான சுவர்களே அங்குப் பெரும்பகுதி, அணிகள் சிலவே. நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடத்திற்குள் ஒரு கண்டத்தின் பண்பாட்டை அவரே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சாண்டா ஃபேயில் மண்சுவரே பேசிற்று. ஆகவே அவர் அமைதி காத்தார். எங்கே பேசுவது, எங்கே பேசாதிருப்பது என்பதை அறிவதும் மொழிப்புலமையின் ஒரு பகுதியன்றோ?

அவருடைய கொள்கை ஒன்று உங்கள் நெஞ்சில் பதிய வேண்டும். பழமையின் சான்றுகளை நாம் காக்க வேண்டும்; ஆனால் அவற்றை உணர்ச்சிவயப்பட்டு அப்படியே பார்த்துச் செய்வதற்காக அன்று; இன்றைய படைப்புணர்வுக்கு அவை ஊட்டமாக வேண்டும். இதுவே அவர் கருத்து. உண்ட சோறு சோறாகவே வயிற்றில் கிடந்தால் அது நோய். செரித்துக் குருதியானால்தான் அது உணவு. பிறர் பண்பாட்டிலிருந்து நாம் பெறுவதும் அத்தகையதே.

இனி, ஓர் ஐயம். ஒரு மக்களின் வழிபாட்டுச் சின்னமும் குழந்தைகளின் பொம்மையும் வேறொரு நாட்டுச் செல்வர் உண்ணும் கூடத்தில் அணியாவது முறையா? செய்த கைகளுக்கு என்ன மதிப்புக் கிடைத்தது? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு ஜிரார்டைப் புகழ்வது நேர்மையாகாது.

அவர் சார்பில் சொல்லத்தக்கவை உண்டு. அவர் திரட்டியவை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் கைப்பொருள்கள். அவற்றுள் ஏறத்தாழ 1,06,000 பொருள்களை 1978ஆம் ஆண்டு சாண்டா ஃபேயிலுள்ள பன்னாட்டு நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்திற்கு அவரும் சூசனும் கொடையாக வழங்கினர். 1982 முதல் அங்கே மக்கள் அவற்றைக் காண்கின்றனர். உலகம் முழுவதும் ஓர் ஊர்தான் என்று பொருள்படும் இத்தாலியப் பழமொழி ஒன்று அவருக்கு மிகவும் உவப்பானது. அக்காட்சிக்கூடம் அதற்கு விளக்கம் போல் நிற்கிறது.

ஆயினும் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. அக்கூடத்தில் பொருள்களின் அருகே பெயர்ச்சீட்டுகள் இல்லை. படிப்பதைவிடப் பார்ப்பதே முதன்மை என்று ஜிரார்ட் கருதினார்; விவரம் வேண்டுவோர் வழிகாட்டி நூலைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்கு இது விருந்துதான். ஆனால், இதை வனைந்தவர் எந்த ஊரார், எந்தக் குடியினர் என்று கேட்கத் தோன்றாமலே ஒருவர் கடந்துபோய்விடலாம் அல்லவா? பெயர் தெரிந்த இடத்தில் பெயரைச் சொல்வதும், தெரியாத இடத்தில் ஊரையாவது சொல்வதும் நன்றியறிதல் என்றே நான் கருதுகிறேன்.

பெயர் தெரியாத கைகளின் பெருமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1955இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்திய நெசவும் அணிகலன்களும் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அதை அமைத்தவரும் ஜிரார்டே. ஒரு கற்பனைச் சந்தை போல் அதை அமைத்து, நீர்த்தொட்டியின் மேல் சேலைகளை மிதப்பன போலத் தொங்கவிட்டார். பின்னர் ஈம்ஸ் தம்பதியர் இந்தியாவுக்கு வந்து, 1958இல் நம் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து போற்றியது அரண்மனையை அன்று. நீர் மொள்ளும் சாதாரணச் செம்பை! பிடிப்பதற்கு எளிது, ஊற்றுவதற்கு எளிது, துலக்குவதற்கு எளிது. அவ்வடிவம் எவரோ ஒருவரின் படைப்பு அன்று. பல தலைமுறைகளின் அறிவு அதில் திரண்டிருக்கிறது என்றனர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை கட்டடம் எழுப்புவீர்கள். சிலர் உணவு விடுதி நடத்துவீர்கள். இப்போதும் சில விடுதிகளில் உண்மையான வாழையிலைக்குப் பதிலாக, இலை வடிவில் வெட்டிய காகிதத்தை இடுகின்றனர். கண்ணுக்கு இலைதான். ஆனால் சூடான சோறு பட்டதும் எழும் இலை மணம் எங்கே? உண்டபின் மாட்டுக்கு அதைப் போட முடியுமா? வடிவம் வந்தது, பொருள் வரவில்லை. அத்தகைய வேலையை நீங்கள் செய்ய நேரும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இப்பொருள் பிறந்த இடத்தில் இதற்கு என்ன பயன்? இதைச் செய்தவர் யார்? நான் இதைப் பார்த்தெழுதுகிறேனா, செரித்துக்கொண்டு எழுதுகிறேனா?

இக்கேள்விகளுக்கு விடை காண மொழிப்பயிற்சி பெரிதும் உதவும். தாய்மொழியை ஆழக் கல்லுங்கள். மற்றொரு மொழியையும் அதன் மக்களிடம் அன்பு கொண்டு கல்லுங்கள். ஜிரார்ட் 1993இல் மறைந்தார். அவருடைய கதிரவன் விடுதியும் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. அவர் கற்ற முறை மட்டும் கற்க விரும்புவோர்க்கு இன்றும் திறந்தே இருக்கிறது.