நமது இலக்கமும் நமது பொறுப்பும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு பிழையை ஒப்புக்கொண்டே இவ்வுரையைத் தொடங்குகிறோம். அப்பிழை எமது மன்றத்திலேயே நிகழ்ந்தது. சென்ற யாத்திரைக்குப் பெயர் பதிந்தபொழுது, ஒவ்வொருவருடைய பெயர், முகவரி, தொலைபேசி, தேசிய அடையாள அட்டை இலக்கம் யாவற்றையும் ஒரே தாளில் எழுதினோம். அத்தாளைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் காண இட்டோம். வசதி கருதிச் செய்தோமேயன்றித் தீய எண்ணம் எவருக்கும் இல்லை.

சில நாட்களின் பின் வயது முதிர்ந்த அன்னை ஒருவர் எம்மிடம் வந்தார். "தம்பிமார், வங்கியிலையிருந்து கதைக்கிறம் எண்டு ஒருத்தன் போன் எடுத்தான். என்ரை அடையாள அட்டை நம்பரையும் பிறந்த திகதியையும் பிசகாமல் சொன்னான். வங்கிக்காரர்தான் எண்டு நம்பி, போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தையும் சொல்லப் போனன். பேத்திதான் போனைப் பறிச்சவள்" என்றார். எமது தாளிலிருந்துதான் அவை சென்றன என்று உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் எமது நெஞ்சு எம்மைச் சுட்டது.

அத்தாளில் பிறந்த திகதியை நாம் எழுதவில்லையே என்று சிலர் கேட்டனர். எழுதத் தேவையில்லை, அன்பர்களே! இலக்கமே அதைக் கூறிவிடும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972இல் இருந்து வழங்கப்பட்டு வந்த அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருந்தன. முதல் இரண்டும் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அந்நாளுடன் 500 கூட்டப்படும். 90032 என்று தொடங்கினால், 1990 பெப்ருவரி முதலாந் திகதி பிறந்த ஆண். 90532 எனில் அதே நாளிற் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் ஆண்டு நான்கு இலக்கமாயிற்றேயன்றி முறை மாறவில்லை.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். அட்டை தொலைந்தாற் புதிய அட்டை பெறலாம், இலக்கமோ பழையதுதான். ஒருமுறை ஊரெங்கும் பரவினால் அதைத் திருப்பி அழைக்க வழியில்லை.

அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். அங்கே சமூகப் பாதுகாப்பு இலக்கம் 1936இல் வந்தது. 1938இல் பணப்பை செய்யும் நிறுவனமொன்று, பையின் அழகைக் காட்ட மாதிரி அட்டையொன்றை அதனுள் வைத்து விற்றது. அதில் அச்சிட்டதோ, அங்கு பணியாற்றிய ஒரு பெண்மணியின் உண்மையான இலக்கம்! மாதிரி என்று குறித்திருந்தும், வாங்கியோர் பலர் அதைத் தமது இலக்கமாகவே கொண்டனர். 1943இல் மட்டும் 5,755 பேர் அதைப் பாவித்தனர்; காலப்போக்கில் 40,000க்கும் மேற்பட்டோர் அதைக் காட்டினர். அவ்விலக்கம் இரத்தாகி, அப்பெண்மணிக்குப் புதியது வழங்கப்பட்டது. அவர் செய்த குற்றம் யாது? ஒன்றுமில்லை. பிறர் கவனக்குறைவின் சுமையை அவர் சுமந்தார்.

ஆகவே, நாம் மனத்திற் பதிக்கவேண்டியது ஒன்றே: நமது இலக்கத்தை அறிந்தவன் என்பதனால் ஒருவன் வங்கியாளனும் ஆகான், அரசாங்க உத்தியோகத்தனும் ஆகான்.

பெரியோர்களே! தொலைபேசியில் எவரேனும் உங்கள் இலக்கத்தைச் சரியாகச் சொன்னால், அதனாலேயே அவரை நம்பிவிடாதீர்கள். அழைப்பைத் துண்டித்து, நேரே வங்கிக்குச் சென்று விசாரியுங்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் கூறவேண்டாம். அட்டையின் பிரதி கொடுக்க நேரின், என்ன காரியத்துக்கு, எந்தத் திகதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். உங்கள் இலக்கத்தில் எத்தனை சிம் அட்டைகள் பதிவாகியுள்ளன என்பதையும் கேட்டறியுங்கள்.

இளைஞர்களே! பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் நீங்களே. புதிய அட்டை கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்து இடாதீர்கள். "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று பணிவோடு வினவுவது மரியாதைக் குறைவன்று.

எமது மன்றம் அப்படத்தை நீக்கிவிட்டது. இனித் தேவையின்றி எவருடைய இலக்கத்தையும் கேளோம். கேட்டதைச் செயலாளர் ஒருவரே வைத்திருந்து, காரியம் முடிந்ததும் அழிப்பார். பிறர் பொருளைக் காப்பது அறம் என்று பேசும் நாம், பிறர் இலக்கத்தையும் அவ்வாறே காப்போமாக.