கரும்புச் சாறும் பால்பற்களும்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அட்சய திருதியை, ஆதிபகவன் விருஷபதேவர் ஆகாரம் ஏற்ற திருநாள். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உணவின்றி இருந்த அப்பெருமானுக்கு, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச அரசர் கரும்புச் சாறு அளித்தார் என்பது மரபு. பகவான் தம் இரு கைகளையே கலமாகக் கொண்டு, நின்றவாறு, அதனை ஏற்றருளினார். அன்று இனிப்பு விலக்கப்படவில்லை. உரிய வேளையில், உரிய அளவில், ஒருமுறை ஏற்கப்பட்டது. குழந்தைகளின் பற்களைச் சொத்தையிலிருந்து காக்கும் வழியும் இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியுள்ளது.

பற்சொத்தையைச் சிறிய நோய் என்று எண்ணுவோர் பலர். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பால்பற்களில் சொத்தை உள்ளது. "பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்னும் சொல்லே இந்நோய்க்குப் பெருந்துணை. பால்பற்கள் இருபது. முதற்பல் ஆறாம் மாத அளவில் முளைக்கிறது. கடைசிக் கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதில்தான் விழுகிறது. மூன்று வயதில் சொத்தையான பல்லைக் குழந்தை மேலும் ஏழெட்டு ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கிறது. அவ்வாண்டுகளில் மெல்ல இயலாமையும், உறக்கம் கெடுதலும், கன்னம் வீங்குதலும், பாடத்தில் மனம் செல்லாமையும் நேர்கின்றன. பால்பல் காலத்துக்கு முன்னரே போய்விட்டால், அருகிலுள்ள பற்கள் சாய்ந்து, நிலைப்பல் முளைக்கும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

மற்றொன்றும் அறியத்தக்கது. ஆறு வயதளவில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதனையும் பால்பல் என்றே கருதிவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் உதவ வேண்டிய அப்பல், பள்ளத்தில் உணவு தங்கி, பத்து வயதுக்குள்ளேயே சொத்தையாகிவிடுதல் உண்டு.

சொத்தை உண்டாகும் முறை எளிது. பல்லின்மேல் நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். நாளொன்றுக்கு நான்கு வேளை உண்ணும் குழந்தையின் பல்லுக்கு ஓய்வு கிடைக்கிறது. மிட்டாய், பிஸ்கட், ஜூஸ் என்று பத்து முறை வாயசைக்கும் குழந்தையின் பல்லுக்கு ஓய்வே இல்லை. உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுவதால், இரவில் பல்லில் தங்கும் இனிப்பே கொடியது.

இவ்வுண்மை உலகுக்குத் தெரியவந்த வரலாறு வருந்தத்தக்கது. சுவீடன் நாட்டில் லுண்ட் நகரத்து விப்பெஹோல்ம் மருத்துவமனையில், 1945 முதல் மனவளர்ச்சி குன்றியோருக்குப் பல வகையாக இனிப்பளித்துப் பற்களை ஆராய்ந்தனர். உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை சிறிதே கூடிற்று. உணவு வேளைகளுக்கு இடையே தின்ற, பல்லில் ஒட்டும் மிட்டாயால் மிகப் பெரிதும் கூடிற்று. தம் இசைவைக் கூறவும் இயலாத எளியோரின் வேதனையால் பெற்ற அறிவு அது. இன்று எந்த அறநெறியும் அம்முறையை ஏற்காது. அறிந்த பின்னும் அதனைப் புறக்கணித்தல் அவர்தம் துன்பத்தை வீணாக்குதலாகும்.

சிராவக ஒழுக்கத்தை இவ்வறிவோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. உண்ட கலத்தை இரு நாழிகைக்குள் கழுவுதல், நுண்ணுயிர்கள் பெருகாமல் காக்கும் ஒழுக்கம். வாயும் ஒரு கலமே. உண்டபின் நீரால் கொப்பளித்தல் அதற்குரிய கழுவுதல். சிராவகரின் பதினொரு நிலைகளுள் ஆறாவதாக இரவுண்ணாமை வைக்கப்பட்டுள்ளது. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் குழந்தையின் வாயில் இரவு முழுதும் அமிலத்துக்கு இரையில்லை. கள், ஊன், தேன் மூன்றும் விலக்கப்பட்டவையாதலால், தேன் தடவிய சூப்பானைக் குழந்தையின் வாயில் இடும் வழக்கமும் சமண இல்லங்களில் இல்லை.

ஆயினும் இவ்வொழுக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. "குழந்தைக்கு நோன்பில்லை" என்று கூறி, சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தே உறங்கச் செய்யும் இல்லங்கள் பல. பெரியோரின் பற்கள் காக்கப்பட, மழலையின் முன்பற்கள் கரைகின்றன. கைக்குழந்தையின் பசிக்குத் தாய்ப்பால் எவ்வேளையும் உரியதே. உறக்கத்துக்குத் துணையாக இனிப்புப் புட்டி கூடாது என்பதே கருத்து.

முனிவரின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் பல் துலக்காமையும் ஒன்று. நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும், கையில் ஏற்று உண்ணும் துறவோர்க்கு உரியது அது. நாள் முழுதும் உண்ணும் இல்லறத்தார் அதனைத் தமக்கு விலக்காகக் கொள்ளுதல் பொருந்தாது.

காரைக்கால் மண்ணில் வேனில் கடியது. பள்ளி விடுமுறையில் ரோஸ் மில்க்கும், குச்சி ஐஸும், புட்டியில் அடைத்த மாம்பழச் சாறும் தெருத்தோறும் கிடைக்கின்றன. ஆனியில் மாங்கனித் திருவிழா வருகிறது. மாடங்களிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. கனியை உணவு வேளையில் மென்று தின்றால் பல்லுக்குப் பெரிய தீங்கில்லை. சர்க்கரை சேர்த்த சாற்றை நாள் முழுதும் உறிஞ்சினால் தீங்குண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930இல், பள்ளிச் சிறாருக்கு மதிய உணவளிக்கத் தொடங்கிய பகுதி புதுச்சேரி. சிறாரின் வயிற்றை எண்ணிய இப்பகுதி, அவ்வுணவை மெல்லும் பல்லையும் எண்ணுதல் தகும்.

செய்ய வேண்டுவன சில. முதற்பல் முளைத்த நாளிலிருந்து காலையும் இரவும் துலக்குதல் வேண்டும். இரவில் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று வயதுவரை அரிசியளவும், ஆறு வயதுவரை பட்டாணியளவும் இடலாம். அது கரைந்த இடத்தில் சுண்ணச் சத்து மீளப் படியத் துணைசெய்கிறது. அளவு மிகுதல் ஆகாது. நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரிப் பகுதியில் சிறாரின் பற்கள் கறைபடுவதே அதற்குச் சான்று. ஏழெட்டு வயதுவரை பெரியவர் ஒருவரே துலக்கிவிட வேண்டும். மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை உயர்த்திப் பார்த்தல் நலம். ஈறோரம் சுண்ணாம்புக் கோடுபோல் வெண்மை தெரிந்தால், அதுவே சொத்தையின் முதற்படி. அந்நிலையில் மருத்துவரிடம் சென்றால் துளையிடாமலேயே பல்லைக் காக்க இயலும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரைக் காணுதலும், ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை மூடும் பூச்சுப் பற்றிக் கேட்டறிதலும் தக்கவை. சிறாருக்கென 2013இல் தொடங்கிய தேசிய மருத்துவப் பரிசோதனைத் திட்டத்தில் பல் நோயும் அடங்கும். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் குழந்தையை வீட்டில் நிறுத்தலாகாது.

இறுதியாக, அவையோர் தம் பழக்கத்தையே நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பாடசாலையில் மந்திரம் ஒப்பிக்கும் குழந்தைக்குப் பரிசு மிட்டாய். பூசை முடிந்தால் கற்கண்டு. விருந்தினர் வந்தால் சாக்லேட். ஒவ்வொன்றும் அன்பினால் தரப்படுவது. ஆயினும் பல் அன்பை அறியாது, வேளையையே அறியும். பரிசாக எழுதுகோலோ, படநூலோ, ஒரு பிடி வறுகடலையோ தரலாம். விழாவின் இனிப்பை உணவின் முடிவில், இலையிலேயே வைக்கலாம்.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு வேராகக் கவனமின்மையைக் காட்டுகிறது. தன் குழந்தையைத் துன்புறுத்த எண்ணும் தாய் தந்தையர் எவருமில்லர். எனினும் நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையின் துன்பம் பெரும்பாலும் கவனமின்மையால் வந்ததே. எறும்பை மிதியாமல் நடக்கும் கால்களையுடைய இல்லத்தில், அவ்வழுகைக்கு இடமிருத்தல் ஆகாது. இவ்வட்சய திருதியை இரவிலேயே, உறங்குமுன் குழந்தையின் பல்லைத் துலக்கிவிடும் நோன்பை ஒவ்வோர் இல்லமும் ஏற்றுக்கொள்ளுமாயின், அதுவும் ஓர் அகிம்சை விரதமே.

வாழ்க ஜினவறம்! வளர்க இளந்தளிர்கள்!