காட்சி தெரியும் அறை

பிறரிடம் உரைக்கும் பொய்யினும், தமக்குத் தாமே உரைத்துக்கொள்ளும் பொய்யே கொடிது. இதனைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டும் படம், 1985இல் வெளிவந்த 'எ றூம் வித் எ வியூ'. ஈ. எம். போர்ஸ்டர் 1908இல் வெளியிட்ட நாவலே அதற்கு மூலம். இயக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஐவரி. தயாரித்தவர் பம்பாயிற் பிறந்த இஸ்மாயில் மேர்ச்சன்ற். திரைக்கதை வகுத்தவர் ஜேர்மனியிற் பிறந்த றூத் பிராவர் ஜாப்வாலா. ஆங்கிலேயரின் கூச்சத்தையும் போலி நாகரிகத்தையும் இத்துணை நுட்பமாகக் காட்டிய இம்மூவரும் இங்கிலாந்திற் பிறந்தவரல்லர்.

புளோரன்ஸ் நகர விடுதியில் லூசிக்கும், துணையாக வந்த சார்லொட்டுக்கும் காட்சியற்ற அறைகள் கிடைக்கின்றன. முதியவர் எமேர்சனும் அவர் மகன் ஜோர்ஜும் தம் அறைகளைக் கொடுக்க முன்வருகின்றனர். அந்த நல்லெண்ணமே பண்புக் குறைவாகக் கொள்ளப்படுகின்றது! நகைச்சுவை அங்கே தொடங்குகின்றது.

ஜோர்ஜிடம் மனம் சென்றும் அதனை மறைக்கும் லூசி, ஊர் திரும்பி, ஏட்டறிவு மிக்க சிசிலை மணக்க இசைகிறாள். அவன் முத்தமிட முயல்கையில் மூக்குக்கண்ணாடி குறுக்கே நிற்கின்றது. நாம் நகைக்கிறோம், எனினும், அவள் அவனை மறுத்தபின் அவன் காட்டும் கண்ணியம் நம் நகைப்பை அடக்கிவிடுகின்றது.

அப்பொழுதும் அவள் உண்மையை ஒப்பாது கிரேக்க நாட்டுக்குப் புறப்பட எண்ணுகிறாள். முதியவர் எமேர்சனே அவள் உள்ளத்தை அவளுக்கு எடுத்துரைக்கிறார்.

தழுவல் திரைக்கதை, கலை இயக்கம், உடையமைப்பு ஆகியவற்றிற்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற இப்படத்தில் தீயவன் ஒருவனும் இல்லை. ஆயினும் ஒரு வாழ்வு பாழாகிவிடுமோ என்று இறுதிவரை அஞ்சுகிறோம். அதுவே இதன் கவர்ச்சி.