ஆறு வெள்ளிதானே என்று விடாதீர்கள்

கடன்பற்று அட்டையின் மாதக் கணக்கறிக்கையில், கேள்விப்படாத ஒரு சரக்கு நிறுவனத்தின் பெயரில் ஆறு வெள்ளி பிடிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். திருட்டு அட்டை எண் வேலை செய்கிறதா என்று மோசடிக்காரர்கள் சின்னத் தொகையில்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.

முதலில் வீட்டில் விசாரியுங்கள். பிள்ளைகள் இணையத்தில் ஏதாவது வாங்கியிருக்கலாம். கடையின் பெயர் ஒன்றாகவும், பணம் பெறும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. தேதியையும் தொகையையும் ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'பொட்டலம் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்' என்று போஸ் மலேசியா பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வருகின்றன. வீட்டுப் பெரியவர்கள் அதை நம்பி அட்டை எண்ணைக் கொடுத்திருந்தால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். மறைக்கும் அந்த நாள்களில்தான் பெரிய தொகை போகும்.

கணக்கு ஒத்துவரவில்லையா? கோப்பெங்கில் இருப்பவர்கள், 'ஈப்போவுக்குப் போகும்போது வங்கியில் கேட்டுக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு உடனே அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். மோசடியில் பணம் போய்விட்டதென்றால் 997-க்கும் அழையுங்கள். குறுஞ்செய்தியில் வந்த எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள்.