பிள்ளையை ஏந்தும் கைகள்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்மிடையே, பிள்ளைப்பேறு என்றதும் மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எழுகிறது. "யார் வந்து பார்த்துக்கொள்வார்கள்?" என்பதே அது. ஊரிலிருந்து வந்த தாயார் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபின், தாயும் சேயும் தனித்து நிற்கின்றனர். இக்கவலை மனத்தளர்ச்சியன்று, மனித இனத்தின் இயல்பிலேயே வேரூன்றியது என உயிரியல் நமக்கு உணர்த்துகிறது.

சேய் தாயைப் பற்றுவது பாலுக்காகவே என்று அறிஞர் பலர் ஒரு காலத்தில் கருதினர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ இக்கருத்தைச் சோதித்து, 1958-இல் முடிவை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவை, வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் நாம் காணும் செம்முகக் குரங்கினத்தின் குட்டிகள். பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட அவற்றுக்கு இரு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று வெறுங்கம்பி, மற்றொன்று மென்துணி போர்த்தியது. பாற்புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பசியாறியதும் துணித் தாயிடமே திரும்பி அதைத் தழுவிக் கிடந்தன. கொடிய சோதனைதான். அதன் பின்விளைவோ இன்னும் கொடியது. அவ்வாறு தனித்து வளர்ந்த குரங்குகள் இனத்தோடு கூடி வாழ அறியவில்லை. அவற்றுள் தாயானவை பல, தம் குட்டிகளைப் புறக்கணித்தன. அன்பு பெற்ற உயிருக்கே அன்பு செலுத்தவும் வருகிறது.

ஆயின், அவ்வன்பைத் தாய் ஒருத்தியே தரவேண்டுமா? ராஜஸ்தானத்து அபு மலையில் 1970-களில் லங்கூர் மந்திகளை ஆராய்ந்தவர் சாரா ஹர்டி. ஈன்ற மந்தியிடமிருந்து குட்டியைக் கூட்டத்தின் பிற பெண் மந்திகள் வாங்கிச் சுமப்பதை அவர் கண்டார். பின்னர் மனித இனத்தை நோக்கினார். சிம்பன்சித் தாய் 5 அல்லது 6 ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனும்; குட்டியைத் தானே சுமந்து வளர்க்கும். மனிதத் தாயோ, மூத்த பிள்ளை தானே உணவு தேடும் பருவம் எய்துவதற்கு நெடுங்காலம் முன்னரே அடுத்ததை ஈன்றுவிடுகிறாள். பாட்டி, தந்தை, தமக்கை, அயலார் ஆகியோரின் துணையின்றி நம் இனம் தழைத்திருக்க முடியாது என்பது 2009-இல் அவர் எழுதிய நூலின் கருத்து.

தந்தையின் உடலும் இதற்கு இசைகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், தந்தையரான ஆடவருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு குறைந்தது. குழந்தையை நாள்தோறும் நெடுநேரம் பேணியவரிடம் அது மேலும் குறைந்திருந்தது.

இவை ஏட்டுக் கருத்துகள் மட்டுமல்ல. டில்லி மருத்துவமனையொன்று உள்ளிட்ட 5 நாட்டு மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. எடை குறைந்து பிறந்த சிசுக்களைப் பிறந்தவுடனே மார்போடு அணைத்து வைத்திருந்ததால், முதல் 28 நாளில் நேரும் மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாயால் இயலாதபோது, அவளுக்குப் பதிலாக வேறொருவர் அணைத்துக்கொண்டனர்.

ஆகவே, அடுத்த வீட்டு அம்மாள் எம்மொழி பேசினும், "சற்று நேரம் குழந்தையைத் தாருங்கள்" என்று கை நீட்டினால், தயங்காமல் தருவோம். நம் தெருவில் ஒரு புதுத்தாய் தனித்திருந்தால், அழைப்பை எதிர்பாராமல் நாமே சென்று கை நீட்டுவோம்.