கொசஸ்தலை ஆற்றோரம் மூன்று நாள்



திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாட்களைப்போல 365 படிகள் என்பார்கள். அதை எண்ணி ஏறியவர்கள் அநேகர். நம் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றைக் கரையோடு நடந்து பார்த்தவர்களோ சிலரே. ஆஸ்பத்திரி ஊழியர்களாகிய நாங்கள் ஒன்பது பேர் பூண்டியில் புறப்பட்டு, அத்திரம்பாக்கம் வழியாக, அல்லிக்குழி மலைக்காட்டிலுள்ள குடியம் குகைவரை மூன்று நாள் நடந்தோம்.

பூண்டி ஏரி தெரிந்ததே. 1944-இல் கட்டியது, 1996 முதல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் வந்து சேருகிறது. அத்திரம்பாக்கத்தில்தான் கால் நின்றுபோயிற்று. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இங்கே வந்து, ஓடைக்கரையில் கற்கோடரிகளைக் கண்டார். அவருடைய மாமனார் யார் தெரியுமா? ஆறுமுக நாவலரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய யாழ்ப்பாணத்து மிஷனெரி பீட்டர் பெர்சிவல் ஐயர்தான்!

1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டினார்கள். விண்ணிலிருந்து விழும் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் சில அணுக்கள், கல் மண்ணுக்குள் புதைந்தபின் மெல்ல மெல்லக் குறையும். அந்தக் குறைவை அளந்து, அடியிலுள்ள கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றைச் செய்தவர்கள் நம் இனத்து மனிதரே அல்ல. அவர்கள் எலும்பு ஒன்றும் அங்கே அகப்படவில்லை.

எங்களோடு வந்த இளம் நர்ஸ் ஒருத்தி, "ஐயா, அப்படியானால் ஆதாம் எங்கே?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதை அதட்டி அடக்கலாகாது. வம்ச அட்டவணைகளைக் கூட்டி உலகத்தின் வயதைக் கணக்கிட்டவர்களை செமினரியில் நாங்களும் படித்ததுண்டு. சிருஷ்டித்தவர் யாரென்று அறியவே ஆதியாகமத்தைத் திறக்கிறோம். கல்லின் வயதை அதில் தேடுவதில்லை என்றோம். அவளுக்கு அது போதவில்லை. குடியம்வரை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அந்தப் பாதையில் முட்புதரும் கூழாங்கல்லும்தான். குகையின் கூரையிலேயே உருண்டைக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒரு காலத்தில் ஆறு கொண்டுவந்து சேர்த்தவை. கருவி செய்தவர்களுக்கும் அந்தக் கல்தான் உதவியிருக்கும். உள்ளே கிராமத்தார் அம்மனை வணங்குகிறார்கள். ஆகையால் செருப்பை வெளியே கழற்றினோம். பையன் ஒருவன் ஞாபகத்துக்கென்று ஒரு கல்லைப் பைக்குள் போட்டான். அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். போகிறவர்கள் தண்ணீர் நிறைய கொண்டுபோங்கள். உள்ளூரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.